சன்னலோரத்துச் சக்களத்தி

...அங்கயே நில்லுங்க சார், கிட்ட வராதீங்க! இதுவரைக்கும் இந்த வேக்குவம் கிளீனர வாங்கறேன்னு வந்தவங்க எல்லாரும் தும்மிகிட்டேதான் படி எறங்குனாங்க. என்னமோ நான் வேணும்னே பண்ண மாதிரி! நான் என்ன சார் பண்ணேன்? பழைய மிஷினா இருந்தாலும் நல்லா உறிஞ்சும், பாருங்கன்னு தரைல ரெண்டு கை மாவத் தூவி சுவிட்சப் போட்டேன். அவ்வளவுதான். மாவு போக வேண்டியது அது வயித்துக்குள்ள. போனது வந்தவங்க மூஞ்சிக்கு. சரி, உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலில இல்ல, அதுல ஊசி குத்தி வச்சிருக்கேன். அதுலயும் வேணாம், நாடா கோக்காத பாவாட கெடக்கு. நின்னுகிட்டே கேளுங்க.

பாத்தீங்களா வீட்ட? தையக்காரி வீடு இப்படியா இருக்கும்? கட்டில் மேல துணி, அடுப்பு மேடைல கத்தரிக்கோலு. தையல் மிஷின் எங்கன்னு கேளுங்க. கேளுங்களேன்! உள்ள, பீரோவுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவுல. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுகிட்டுத் தைக்கிறேன். கறுப்பு எது, நீலம் எதுன்னு தெரியாம ஒரு வக்கீலம்மா கோட்டுக்கு நீல நூல்ல ஓரம் அடிச்சுக் குடுத்துட்டேன். அந்தம்மா என் மேலயே கேஸ் போடாத கொற. இந்த வீட்லயே வெளிச்சம் வர்ற ஒரே எடம் இந்த சன்னலோரம். அங்க யாரு உக்காந்திருக்கா? இவ! சொரக்கா மாதிரி ஒடம்பு, பச்சப் பெயிண்டு, கீழ ரெண்டு சறுக்குக் கட்ட. என் சக்களத்தி!

சிரிக்காதீங்க சார். எங்க வீட்டுக்காரர் வேலைலேந்து வந்ததும் மொதல்ல இவகிட்டதான் போவாரு. பழைய பனியன எடுத்துத் தடவித் தடவித் தொடப்பாரு. 'இன்னிக்கு எப்படி இருக்க?'ம்பாரு. என்னைப் பாத்து ஒரு நாள் கேட்டிருப்பாரா? சரி, ஆசையா வச்சிருக்காரு, வீட்டையாவது இதால சுத்தம் பண்ணலாம்னா, 'ஐயோ, வேணாம், தேஞ்சிடும்'ங்கறாரு. தூசி எடுக்கற மிஷினுக்கு நான் தூசி தட்டறேன் சார்! இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல?

ஒரு நாள் ஒத்தக் கால்ல நின்னேன். இந்த வீட்ல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மனுசன் யோசிச்சாரு... யோசிச்சாரு... அவ்வளவு நேரம் யோசிச்சாரு பாருங்க, அதுதான் சார் வயித்தெரிச்சல்! கடைசில, 'சரி, வித்துடு. இந்த மாதிரி பழைய சாமானச் சேத்து வக்கிறவங்க இருக்காங்க, அவங்க யாருக்காவது குடு. இவ போற அன்னிக்கு சன்னலோரம் ஒனக்கு'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் இந்தப் பாடு.

வந்தாங்களே சேத்து வக்கிறவங்க! மொதல்ல ஒரு பெரியவர். கைக்கு வெள்ள உறை மாட்டிகிட்டு, 'பைக்குள்ள பழைய தூசி இருக்காம்மா? கொட்டிடலயே?'ங்கறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்தக் காலத்துத் தூசிதான் ஒசத்தியாம்! கீறலும் ஒசத்தியாம், பெயிண்டு உரிஞ்சிருந்தா இன்னும் ஒசத்தியாம். அப்படின்னா என் மூஞ்சிக்கு என்ன தருவீங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துது. அப்பறம் ஒரு புருஷன் பொண்டாட்டி. வீட்ல பதினோரு மிஷின் வச்சிருக்காங்களாம், ஒவ்வொண்ணுக்கும் செல்லப்பேராம். அதுக்கப்பறம் கறுப்புச் சட்ட போட்டுகிட்டு ஒரு டாக்டரு. மிஷின் மேல காத வச்சு என்னமோ நாடி பாக்கறாப்பல கேக்கறாரு. போகும்போது தான் போட்டுட்டு வந்த சட்ட என்ன கலர்னு அவருக்கே தெரியல.

இதுல ஒண்ணு கவனிச்சேன் சார். எல்லாருமே கைய நீட்டி, 'அம்மா, அந்தக் குழா...'ன்னு ஆரம்பிச்சாங்க. நான் விடுவேனா? குழாயக் கொற சொல்லி வெலையக் கொறைக்கற வித்த! எங்கிட்டயா? துணி வாங்க வர்றவங்க 'கை கொஞ்சம் எறக்கமோ'ன்னு இழுத்தா, கூலில கை வைக்கப் போறாங்கன்னு அர்த்தம். நீங்க பேசாதீங்க, தொடாதீங்க, நானே காட்டறேன்னு சுவிட்சப் போட்டுடுவேன். ஒடனே... புஸ்ஸ்ஸ்!

சாயங்காலம் இவர் வந்து என்னப் பாப்பாரு. தல, புருவம் எல்லாம் வெள்ள. மொத தடவ, 'வோல்டேஜ் கம்மி'ன்னாரு. அடுத்த தடவ, 'பை அடச்சுகிச்சு'. அதுக்கடுத்து, 'புது ஆளப் பாத்தா மோட்டாருக்குக் கூச்சம்'. ஆனா சும்மா சொல்லக்கூடாது சார். ஆள் வர்ற அன்னிக்கெல்லாம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அவரே குழாய மாட்டி வச்சிட்டு, 'நீ ஒண்ணும் தொடாத, சுவிட்ச மட்டும் போடு'ன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. மனசுக்குள்ள அழுதுகிட்டேதான் செய்வாரு, பாவம். எனக்காகச் செய்யறாரேன்னு இன்னிக்கு ரெண்டாவது காபி கூடப் போட்டுக் குடுத்தேன்.

சரி, மாவு தூவியாச்சு. வாய மூடிக்குங்க சார்... நீங்க எங்க தொறந்தீங்க, நான்தான் பேசிகிட்டிருக்கேன். இதோ, போடப் போறேன்... சார்! என்ன பண்றீங்க? கைய எடுங்க! குழாயக் கழட்டாதீங்க, அது எங்க வீட்டுக்காரர் மாட்டினது! ஐயையோ, வாலுப் பக்கம் இருந்ததப் புடுங்கி தலப் பக்கம் சொருகறீங்களே! ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? ஒரு வார்த்த கேக்காம... சுவிட்சையும் நீங்களே...

அட!

அட, அட! போச்சே! அந்த எடத்துல மாவு இருந்த தடமே தெரியலயே! என் நூல் துண்டையும் சேத்து முழுங்கிட்டாளே! ஏன் சார் நிறுத்திட்டீங்க, இன்னும் எவ்வளவு கெடக்கு? என்னது, தலையத் தலைய ஆட்டிப் பையக் காட்டறீங்க? ஓ... பழைய தூசியோட புது மாவு கலந்துடுமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!

இருங்க இருங்க. தலப் பக்கம் உறிஞ்சும், வாலுப் பக்கம் ஊதும். அப்படித்தானே? அப்போ அவரு... சார், எங்க வீட்டுக்காரர் என்ன வேல பாக்கறாருன்னு சொன்னேனா? தண்ணி பம்பு மெக்கானிக் சார்! எந்த வாய் இழுக்கும், எந்த வாய் தள்ளும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற ஆளு. அவரு மாத்தி மாட்டுவாரா? அதுவும் ஒவ்வொரு தடவையும்? அடக் கல்லுளிமங்கா! வோல்டேஜாம்! கூச்சமாம்! நானும் வெள்ள மூஞ்சியோட நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்கேன். எனக்குக் கோவம் கூட வரல சார், அழுகதான் வருது. என் கண்ணு போனாலும் பரவாயில்ல, இவளுக்கு வெளிச்சம் வேணுமாம்!

எடுத்துட்டுப் போங்க. போன்ல பேசின வெலையே போதும், மேஜ மேல வச்சிடுங்க. நான் போய் என் மிஷின இழுத்துட்டு வரேன். அவர் வர்றதுக்குள்ள சன்னலோரத்துல உக்காந்து நாலு தையலாவது ஓட்டியிருக்கணும்... உள்ளேந்து பேசறது கேக்குதா சார்? பீரோ இடிக்குது... இவ போய்ட்டான்னா அவருக்குச் சோறு எறங்காது, பாருங்க. எறங்காட்டி போகட்டும்... அப்பாடா, வந்துடுச்சு. இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க சார்... சார்?

அட, பணத்த வச்சிட்டு, அவளையும் தூக்கிகிட்டு... ஒரு 'வரேம்மா' கூடச் சொல்லல! வந்ததுலேந்து வாயத் தொறக்காத மனுசன் போகும்போதா தொறப்பாரு? அது கெடக்கட்டும், இந்த மாவ யாரு அள்றது? கூடம் பூரா...

படியில யாரு?

வாங்க வாங்க! என்னங்க, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்? ஏன் சன்னலோரத்தயே பாக்கறீங்க? ஆமா, போய்ட்டா. வந்தவரு குழாயக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டினாரு. ஏங்க மூஞ்சி வெளுக்குது? உங்க மேல மாவு கூடப் படலயே! ஒண்ணும் பேச வேணாம். செருப்பக் கழட்டுங்க. இந்தாங்க, வெளக்குமாறு. எந்தப் பக்கம் புடிக்கணும், எந்தப் பக்கம் கூட்டணும்னு தெரியும்ல?