இரண்டாம் சுற்று

— என் பாட்டுல நடுப்பகுதி முடியுற எடத்துல "திரும்ப, மொதல்லேருந்து"ன்னு இருக்கணுமே, வாத்தியாரே. தாளே கிழியுற மாதிரி கோடு போட்டு யாரு அடிச்சது?

— நான்தான்.

— பாட்டு எழுதுன ஒராட்சியோ, நீங்களேவா அடிச்சீங்க! நாளைக்கு நாடகம். கேட்டுக்குங்க, இந்த வெனிஸ்ல முதல் சுத்துப் பாட்ட ஒரு பய கேக்க மாட்டான். சீட்டாடுவான், ஆரஞ்சு உரிப்பான். பாட்டு திரும்பி வரும்போதுதான் தலையத் தூக்குவான். ஏன்? அங்கதான் இந்த கியாசிந்தா, நான், என் சொந்தச் சங்கதியெல்லாம் எறக்குவேன்.

— தெரியும்மா.

— தெரிஞ்சுமா அடிச்சீங்க? கூடப் பாடுற அந்தக் கொழுத்த தெயோபால்தோவுக்கு நாலு தனிப்பாட்டு, நாலும் திரும்பி வருது. எனக்குன்னு இருக்குறதே இந்த ஒத்தத் தனிப்பாட்டு. அதுலயும் பாதிய வெட்டிட்டா என்னை அடுத்த வருஷம் எவன் கூப்பிடுவான்?

— கூப்பிடுவாங்க.

— உங்க சம்சாரம் லிவியாவுக்கு எழுதுன பாட்டு. அவ எடத்துல நான் நிக்கிறது புடிக்கல. அதானே?

— அதில்ல.

— அப்ப கேட்டுக்குங்க. என் பெட்டியில மிலான்ல கைதட்டு வாங்குன பாட்டு ஒண்ணு கெடக்கு. உங்களுத தூக்கிட்டு அதப் பாடுறேன். கதைக்கு ஒட்டாது. யாரு கதை கேக்குறா?

— வேண்டாம். இதையே பாடுங்க. ஒரு சுத்து.

— லிவியா ரெண்டு சுத்தும் பாடுனாளே! போன மாசம், அந்தக் கடைசி ஆட்டத்துல. ஜனமெல்லாம் எழுந்து நின்னுச்சாம். உள்ள வந்து படியில ரத்தமாக் கக்கிட்டு சாஞ்சாளாம். சாவுன்னா அப்படிச் சாவணும் வாத்தியாரே, கைதட்டுக் கேட்டுக்கிட்டே.

— அவதான் கேட்டா.

— எத?

— ரெண்டாவது சுத்து வேண்டாம்னு. மூச்சு பத்தலேன்னு.

— அட தெய்வமே. இத மொதல்லயே சொன்னா நான் ஏன் கத்தப்போறேன்? செத்தவ கேட்டது. சரி, ஒரு சுத்தே பாடுறேன். உங்களையும் தப்பா நெனைச்சிட்டேன். பொண்டாட்டி கேட்டதும் கோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. அவதான் ஜனத்தப் பாத்ததும் ஆசையில பாடிட்டா போல.

— இல்லம்மா. அவ கேட்டது அந்தக் கடைசி ஆட்டத்தன்னிக்குச் சாயங்காலம். கோடு போட்டது நேத்து.