முதல் பக்கத்து அங்கிள்

ஷார்லின்: அந்தப் படத்தை மட்டும் எடுத்துருவோம் அண்ணே. அஞ்சு நிமிஷ வேலை.

குகன்: எந்தப் படம்?

ஷார்லின்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. வெப்சைட் முதல் பக்கத்துல சிரிக்கிறாரே, அங்கிள். அந்தப் படம்.

குகன்: விளையாடுறியா? மூணு மணிக்கு லாஞ்ச். இப்ப மணி என்ன?

ஷார்லின்: ரெண்டு அஞ்சு.

குகன்: ரெண்டு ஏழு! அவரை எடுத்துட்டா அங்க என்ன வைப்ப? உன் சம்பானையா?

ஷார்லின்: ஏன், சம்பானுக்கு என்ன குறைச்சல்? ஆறு வாரத்துக்கு முன்னாடி நீங்க என்ன லோகோ கேட்டீங்க... ஞாபகம் இருக்கா? தங்கக் காசு, நடுவுல மின்னல், ரெண்டு பக்கமும் இறக்கை...

குகன்: இறக்கை நான் கேக்கல. அது என் கூட்டாளி ஹைருல்.

ஷார்லின்: பறக்குற காசு! பார்த்தவன் என்ன நினைப்பான்? நம்ம காசு பறந்துருச்சின்னு நினைப்பான்.

குகன்: சரி சரி. அதான் உன் பேச்சைக் கேட்டு பேரையும் சம்பான்னு வச்சாச்சி, படகையும் போட்டாச்சி. "லாபம்"ங்கிற வார்த்தை எங்கயும் வரக் கூடாதுன்ன... அதையும் எடுத்தாச்சி.

ஷார்லின்: இதுல என்ன லாபம் இருக்கு? சுத்திப் பார்க்க வர்றவன் கிரிப்டோல குடுக்குறான். கடைக்கார அக்காவுக்கு அது மலேசிய வெள்ளியாப் போய்ச் சேருது. இந்தக் கரையில ஏத்தி அந்தக் கரையில இறக்குறது... அவ்வளவுதானே உங்க ஆப்? அதுக்குப் படகு போதும்.

குகன்: அக்காங்க படகைப் பார்க்கல மா, முகத்தைத்தான் பார்த்தாங்க. பாசார்ல பதினெட்டு கடையில போனைக் காட்டினேன். பதினெட்டு பேர் கண்ணும் அந்த அங்கிள்கிட்டதான் நின்னுச்சி. மீ கோரிங் நூடுல்ஸ் போடுறவரு ஒருத்தரு, "இவரு சொன்னா நானும் போட்டுக்கறேன்"ன்னாரு.

ஷார்லின்: அவரு எங்க சொன்னாரு?

குகன்: கீழ எழுதியிருக்கே, "நான் சம்பானை நம்புறேன்"னு. நீ எழுதினதுதான்.

ஷார்லின்: அது மாதிரிக்கு எழுதினது! இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு... அண்ணே, நடக்காதீங்க. பழைய பலகைத் தரை, கீழ்க் கடைக்காரரு கத்துவாரு.

குகன்: உக்கார முடியல லா.

ஷார்லின்: கோட்டு வேற. இந்த வெயில்ல யாராவது கோட்டு போடுவாங்களா?

குகன்: ஃப்ரெண்டு கிஷன் இரவல் குடுத்தது. கைதான் கொஞ்சம் நீளம்.

ஷார்லின்: எனக்குக் கோட்டு போட்டவங்களைக் கண்டாலே ஆகாது. அந்த ரோலையாவது கீழ வைங்க, கம்பு மாதிரி தூக்கிக்கிட்டு அலையுறீங்க... என்னது, போஸ்டரா? காட்டுங்க.

குகன்: தொடாத! மடிஞ்சா போச்சி. மண்டபத்துல பிரிக்கிறதுக்கு.

ஷார்லின்: நான் டிசைன் பண்ணினதை நான் பார்க்கக் கூடாதா?

குகன்: அங்க வந்து பாரு. ...ஹலோ, ஹைருல். டா ஜாலான் லா, டா ஜாலான். ...பாரு, கிளம்பிட்டோம்னு பொய் சொல்ல வைக்கிற. நாப்பது பேர் வந்து உக்காந்தாச்சாம். வெல்ட் கீ மண்டபத்துப் பக்கம் இப்ப காடி நிறுத்த இடம்கூட கிடைக்காது.

ஷார்லின்: அப்ப சீக்கிரம் சொல்லுங்க. எடுத்துரவா?

குகன்: மொதல்ல நீ சொல்லு. படத்தை எங்க வாங்கின?

ஷார்லின்: நெட்லதான். படம் விக்கிற சைட்ல.

குகன்: எத்தனை வெள்ளி?

ஷார்லின்: மறந்துருச்சி.

குகன்: நல்ல சைட்டுதான். எவனோ வெளிநாட்டுக்காரன் விக்கிற படத்துல, அங்கிள் தோளுக்குப் பின்னாடி நம்ம பழைய ஃபெரி எப்படி வந்துச்சி? சட்டைப் பையில ஜெபமாலை வேற எட்டிப் பார்க்குது.

ஷார்லின்: ...எங்கப்பா.

குகன்: ம்.

ஷார்லின்: இராயப்பன். துறைமுகத்துல கிளார்க்கா இருந்தவரு. என்ன, வெறும் "ம்"தானா?

குகன்: வேற என்ன சொல்லணும்? நல்லதாப் போச்சி. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுரு. முடிஞ்சிச்சி.

ஷார்லின்: கேக்க முடியாது.

குகன்: கோவக்காரரா?

ஷார்லின்: கேட்டா சரிம்பாரு! அதுதான் அண்ணே பிரச்சினை. எங்கப்பாவுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாது. யாரு என்ன கேட்டாலும் சரி தம்பி, சரிம்மா, சரி ஃபாதர்... ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கோட்டு போட்ட ரெண்டு பேர் வந்தானுங்க. "அங்கிள், உங்க படத்தை நோட்டிஸ்ல போட்டுக்கலாமா"ன்னானுங்க. சரி தம்பின்னாரு.

குகன்: என்ன நோட்டிஸ்?

ஷார்லின்: தங்க ஸ்கீம். மாசாமாசம் லாபம்னு. அந்த நோட்டிஸ்லயும் இதே சிரிப்புதான். அப்ப நாங்க இருந்த டத்தோ கிராமாட்ல கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்கு வர்றவங்க, எல்லாரும் காசு போட்டாங்க. "இராயப்பன் அங்கிளே இருக்காரு, அப்புறம் என்ன"ன்னு. ஒரு நாள் காலையில ஆபீஸ் பூட்டியிருந்துச்சி. கோட்டுக்காரனுங்க எங்க போனானுங்கன்னே தெரியல. எங்கப்பா முகம் மட்டும்தான் மிச்சம்... வீட்டுக்கு வீடு.

குகன்: அவருக்கு அதுல ஏதாவது...

ஷார்லின்: ஒரு சென் காசுகூட இல்ல. அவரு காசும் சேர்ந்துதான் போச்சி. யாரும் திட்டல அண்ணே. திட்டியிருந்தாக்கூட தேவலை. பூசைக்குப் போய் ஒரு பெஞ்சுல உக்காந்தாருன்னா, அந்த பெஞ்சுல இருக்கிறவங்க மெதுவா எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிருவாங்க. பார்த்துக்கிட்டு நானும் பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்ப ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பஸ் மாறி பாலிக் புலாவ் சர்ச்சுக்குப் போறாரு. அங்க அவரை யாருக்கும் தெரியாது.

குகன்: இவ்வளவும் தெரிஞ்சிக்கிட்டு, அந்தப் படத்தை ஏன் போட்ட? அவசரத்துல தவறிப் போச்சா?

ஷார்லின்: இல்ல. வேணும்னேதான் போட்டேன்.

குகன்: அலாமாக்...

ஷார்லின்: காசு சம்பந்தமா யாரு வேலை கொண்டு வந்தாலும், மாதிரிப் பக்கத்துல எங்கப்பா படத்தைத்தான் வைப்பேன். பேரு போட மாட்டேன். "இவரு யாரு, இவருகிட்ட கேட்டியா"ன்னு கேக்குறாங்களான்னு பார்ப்பேன். கேட்டாங்கன்னா வேலையை முடிச்சிக் குடுப்பேன். கேக்காம, "முகம் சூப்பரா இருக்கு, அப்படியே வச்சிரு"ன்னா... உடம்பு சரியில்லன்னு சொல்லி விலகிருவேன். அப்படி நாலு பேர்கிட்ட விலகிட்டேன். கேட்டது ஷஹீரா அக்கா ஒருத்தங்கதான்.

குகன்: அப்ப நான் அஞ்சாவது.

ஷார்லின்: உங்களுக்கு ஆறு வாரம் குடுத்தேன்! மத்தவங்களுக்கு ஒரு வாரம்கூட குடுத்ததில்ல. வெயில்ல எழுத்து தெரியுமான்னு கேட்டீங்க. மாவு ஒட்டின கையால அமுக்கினா வேலை செய்யுமான்னு கேட்டீங்க. இவ்வளவு யோசிக்கிறவரு இதையும் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு... உங்களை நல்லவருன்னு நினைச்சிட்டேன் அண்ணே. அதான் கோவம் கோவமா வருது.

குகன்: ஷார்லின், இரு...

ஷார்லின்: இனிமே என்ன இருக்கிறது? பாஸ்வர்ட் எங்கிட்டதான் இருக்கு. எங்கப்பா முகத்தோட அந்தப் பக்கம் வெளிய வராது. மூணு மணிக்கு நாப்பது பேரும் வெள்ளைத் திரையைப் பார்க்கட்டும். சம்பளம் வேணாம். கேஸ் போடுறதுன்னாலும் போட்டுக்குங்க.

குகன்: சரி. ரோலைப் பிரி.

ஷார்லின்: என்னது?

குகன்: போஸ்டரைப் பிரி. மடிஞ்சாலும் பரவாயில்ல.

ஷார்லின்: இப்ப எதுக்கு... அந்த ஓரத்தைப் பிடிங்க, சுருளுது. ...சம்பான் இருக்கு. பேரு இருக்கு. கீழ... அண்ணே, எங்கப்பா எங்க?

குகன்: எடுத்தாச்சி. திங்கக்கிழமையே அவரு இல்லாமதான் அச்சுக்குப் போச்சி.

ஷார்லின்: அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் எங்கூட சண்டை போட்டீங்க?

குகன்: நீயா எடுக்கச் சொல்றியான்னு பார்க்கணும். அம்மா சொல்லி அனுப்பிச்சி. "அந்தப் பொண்ணு நடந்தது தெரிஞ்சே அப்பன் முகத்தை விக்குதா, இல்ல தெரியாம விக்குதா, பார்த்துட்டு வா"ன்னு.

ஷார்லின்: உங்கம்மாவுக்கு எங்கப்பாவை எப்படித் தெரியும்?

குகன்: அம்மா பேரு தனலெட்சுமி. டத்தோ கிராமாட்தான் நாங்களும். அந்த நோட்டிஸ் ரெண்டு வருஷம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்துச்சி மா. தங்கச்சி காலேஜ் காசு அதுலதான் போச்சி. நீ மொத நாள் லாப்டாப்பைத் திறந்து காட்டினப்பவே எனக்குத் தெரியும், யாருன்னு.

ஷார்லின்: ஆறு வாரமா... தெரிஞ்சிக்கிட்டேவா?

குகன்: மொதல்ல கோவந்தான் வந்துச்சி. மறுபடியும் இந்த முகமான்னு. அப்புறம் அந்த மீ கோரிங்காரரு "இவரு சொன்னா போட்டுக்கறேன்"ன்னாரு பாரு... எங்கம்மாவும் அன்னைக்கு இதையேதான் சொல்லுச்சி. யாருன்னு உங்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. கேக்க வேண்டியது அவருகிட்ட.

ஷார்லின்: அவருகிட்டயா? போனீங்களா? எங்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லலயே... வேணாம், நீங்களும் சொல்லாதீங்க. எனக்கே தெரியும். சரி தம்பின்னிருப்பாரு. உங்கம்மா பேரைச் சொல்லியிருந்தா இன்னும் வேகமா சொல்லியிருப்பாரு...

குகன்: போன ஞாயித்துக்கிழமை, பாலிக் புலாவ் சர்ச் வாசல்ல. உங்க பழைய பக்கத்து வீட்டுல விசாரிச்சிக்கிட்டுத்தான் போனேன். யாரு மகன்னு சொல்லிட்டுத்தான் கேட்டேன். கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு, ரொம்ப நேரம் விடவே இல்ல. ஆனா படத்தைப் போட்டுக்கலாமான்னு மூணு தடவை கேட்டேன் மா... மூணு தடவையும் "முடியாது தம்பி"ன்னுட்டாரு.