பெரியவரின் வயிறு

காய்ந்த புல்லை அழுத்திச் செய்த கட்டிகளை ஊறவைப்பதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். தண்ணீரில் விரலை விட்டால் சுடக் கூடாது, இதமாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கட்டியெல்லாம் கரைந்து கூழ் மாதிரி ஆகிவிடும். முப்பது வயதுக் குதிரைக்கு அதுதான் சாப்பாடு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஏதோ வாயில்லாப் பிராணியை வதைத்தவனைப் பார்ப்பது போல நீங்கள் இருவரும் என்னைப் பார்க்கிறீர்கள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். டாக்டரம்மா பேனா மூடியைக் கடிக்கிறார். பரவாயில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

இந்தச் சவாரிப் பள்ளியில் பத்துக் குதிரைகளுக்குத் தீனி வைப்பது என் வேலை. ஒன்பது குதிரைகளுக்கு யார் வைத்தாலும் ஒன்றுதான். பத்தாவது குதிரையான பெரியவர் அப்படியில்லை. அவருக்குக் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. நீளமான காய்ந்த புல்லை மெல்ல வராது, மெல்லாமல் விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரேயடியாக நிறைய வைத்தாலும் ஆகாது. நாளுக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. புதிதாக எதையாவது கொடுப்பதானால் பத்து நாள் எடுத்து மெல்லப் பழக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தாங்க மாட்டார்கள். என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டே விட்டாள். "அந்தக் குதிரை வயித்தைப் பத்தி வாய் ஓயாம பேசறீங்களே, நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" நியாயமான கேள்விதான். ஆனால் அவளுக்குப் பல் கெட்டியாக இருக்கிறது. நான் இல்லாமலேயே சாப்பிட்டுக்கொள்வாள்.

எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கதவைத் திறந்ததும், ஒவ்வொரு குதிரையும் எத்தனை குவியல் லத்தி போட்டிருக்கிறது என்று எண்ணி, கதவில் தொங்கும் சிலேட்டில் எழுத வேண்டும். குதிரையின் வயிறு ஒழுங்காக இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். பெரியவர் கணக்கு ஆறு. நாலுக்குக் கீழே போனால் டாக்டரம்மாவுக்குப் போன் போக வேண்டும்.

முதலாளியின் அக்கா வந்தாரே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. "இந்த சிமெண்ட் தரையில நின்னு நின்னு என்ன சுகத்தைக் கண்டுச்சு? என் இடத்துல பிஞ்சுப் புல் இருக்கு, துணைக்கு ரெண்டு கிழக் குதிரை இருக்கு. நாள் முழுக்க நடந்து மேஞ்சா வயிறும் நல்லா இருக்கும்" என்றார். டாக்டரம்மாவும் தலையாட்டினார். ஒரு மாதம் வயிறு சரியாக இருந்தால் அனுப்பலாம் என்று முடிவாயிற்று. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பெரியவர் சிலேட்டில் மூன்று என்று எழுதினேன். பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அதனால் மூன்று குவியலை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, மீதியை எண்ணித்தான் எழுதினேன்.

அள்ளியதை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. குப்பைக்குழி முதலாளியின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆகவே பக்கத்து அறையில், நாலு வயதுப் பெண் குதிரை செவலைக்காரியின் காலடியில் தள்ளிவிட்டேன். அவள் சிலேட்டில் பதினொன்று ஏறியது. அவளுக்கு வயிறு கெட்டுவிட்டது என்று தீனியைப் பாதியாக்கினார்கள். பாவம், பசி தாங்காமல் கதவுக் கட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு என்னைச் சொல்லிப் பயனில்லை. தீனியைக் குறைக்கச் சொன்னது டாக்டரம்மா.

பெரியவருக்கும் தீனி குறைந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார்கள். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு டாக்டரம்மா குழம்பிப்போனார். "சத்தமெல்லாம் நல்லாத்தானே கேக்குது? அப்புறம் ஏன் வெளிய வரமாட்டேங்குது?"

"வயசாச்சு இல்லீங்களா" என்றேன்.

மூன்று வாரத்தில் நாலு முறை குழாய். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான். முடிந்ததும் அவர் நடுங்கிக்கொண்டே மோவாயை என் தோளில் சாய்ப்பார். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் முதலாளி சொன்னார், "இவர் மட்டும் இல்லேன்னா பெரியவர் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பார்." இருபது வருட வேலையில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தது அன்றுதான். சந்தோஷத்தில் வீட்டுக்காரிக்குப் பூ வாங்கிப் போனேன். யார் செத்தது என்று கேட்டாள்.

பிறகு நீங்களே காரியத்தைக் கெடுத்தீர்கள், டாக்டரம்மா. நோய் என்னவென்றே புரியவில்லை, இட மாற்றமாவது கொடுத்துப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை வண்டி வரட்டும் என்றீர்கள். வியாழக்கிழமை காலையில் பெரியவருக்குத் தீனி தொண்டையில் அடைத்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு இருமினார், மூக்கு வழியாக எச்சிலும் புல்லும் வழிந்தன. வெந்நீர் விட்டு அலசி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை வண்டியும் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. கை கழுவப் போன நீங்கள் செவலைக்காரி அறையில் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் ஒரு லத்தியை உடைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு வைக்கோல், மெல்லாமல் அப்படியே. "நாலு வயசுப் பல்லுக்கு இது மாவாயிருக்குமே" என்றீர்கள். பசிக்குப் பெரியவர் படுக்கை வைக்கோலைத் தின்றிருக்கிறார். என்னிடம் ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

அதன் பிறகு என் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு வாரம் நீங்களே தீனி வைத்தீர்கள். சிலேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு, ஆறு, ஏழு. அந்த ஏழு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இன்று காலை அவர் அக்கா இடத்துக்கு வண்டியேறிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். "போன வியாழக்கிழமை கட்டிக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் நீங்களும் விட்டுவிடுவீர்கள், தெரியும். முதலாளி முகமே அப்படித்தான் கெஞ்சுகிறது. ஆனால் நான் மறக்கிற ஆள் இல்லை. கட்டிகளைக் காய்ந்தபடியே வைத்தேன். அடைக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன். அவர் கழுத்தைத் தடவிவிடத் துணியைக்கூட முன்னாலேயே மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

வண்டியில் ஏற அடம்பிடிப்பார் என்று நினைத்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று ஏறினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு பாசம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. அடுத்த வாரம் இருபத்தெட்டு வயதுப் பெண் குதிரை ஒன்று வருகிறதாமே, வாயில் பல்லே இல்லையாம். தீனிக்கு யாரைப் போடுவது என்று நீங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான் இருக்கிறேன்.