ஒழுங்கையின் மொழிபெயர்ப்பாளன்

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், ஒடுங்கிய தெருவான எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை லொறி வருவதற்கு ஒரு நேரம் காலம் இருந்ததில்லை. அதற்காகத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார்கள். லொறி சந்தியில் திரும்பும்போது முதல் வீட்டுக்காரர் ஒரு வரி போட்டால் மற்றவர்கள் வாளியோடு வெளியே வரலாம். நல்ல யோசனை. அதில் ஒரு குறையும் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

என் பெயர் மோகனராஜ். கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். கீழ்ப்பக்கத்தில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் சில தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் சிங்களம் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். எனக்கு இரண்டும் எழுத வாசிக்க வரும். ஆகவே தண்ணீர் வெட்டு, டெங்குப் புகை, மரண அறிவித்தல் எல்லாவற்றையும் நான்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். என்னையும் ஓர் அட்மினாக ஆக்கினார்கள். கடைக்குப் போனால் “மோகன் மாத்தயா”, மோகன் ஐயா, என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

குழு எப்போது மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தேர்தலோடு இருக்கலாம். தேங்காய் விலை ஏறிவிட்டது என்று ஒருவர் எழுதினால், அவர் எந்தக் கட்சி என்று இன்னொருவர் கேட்டார். கிரிக்கெட்டில் தோற்ற அன்று சிரிப்புப் பொம்மை போட்டவரிடம் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டார்கள். வெசாக் பண்டிகைக்கு வாழ்த்துப் போட்டவர்களை மனதில் வைத்துக்கொண்டார்கள், போடாதவர்களை இன்னும் நன்றாக வைத்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு பொருள் வந்தது. பகலில் வேலிக்கு மேலால் பலாக்காய் கொடுத்து வாங்கியவர்கள்தான் சாயங்காலம் போனில் இப்படி இருந்தார்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய வாரம் வவுனியாவில் இருக்கும் என் மருமகள் புஷ்பம் பேஸ்புக்கில் ஒரு விளக்குப் படம் போட்டாள். நான் இதயம் ஒன்றை அமுக்கினேன். கார்த்திகை விளக்கு என்றுதான் நினைத்தேன். அது வடக்கில் போரில் செத்த புலிகளுக்கு ஏற்றும் விளக்கு. படத்தின் கீழே என் பெயரையும் இதயத்தையும் யாரோ படம்பிடித்து ஒழுங்கைக் குழுவில் போட்டு, “மோகன் மாத்தயா, இந்த விளக்கு யாருக்கு?” என்று கேட்டிருந்தார்கள்.

நான் விளக்கம் எழுதினேன். பிறகு அதைவிட நீளமாக இன்னொன்று எழுதினேன். எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பதில் போடவில்லை. அடுத்த நாள் பால் வாங்கப் போனபோது கடையில் பேச்சு நின்றுவிட்டது. எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் எங்கள் அப்பாவின் கடை எரிந்தபோது நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவன். அதற்கு முதல் நாளும் கடைத்தெருவில் இப்படித்தான் பேச்சு நின்றிருந்தது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதனுக்கு எப்போது பயம் வருகிறது என்று சொல்கிறேன்.

அந்த நேரத்தில்தான் கஜேந்திரன் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டான்.

கஜேந்திரன் யாழ்ப்பாணத்துப் பையன். கண்டியில் ஒரு நகைக்கடைப் பட்டறையில் வேலை. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சிங்களத்தில் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கவும் பாண் வாங்கவும் மட்டும் பழகியிருந்தான். மனைவி நிரோஷினி, கையில் ஒரு பெண்குழந்தை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்களுக்கு ஓர் அனெக்ஸ் வீட்டை வாடகைக்குப் பார்த்துக் கொடுத்ததே நான்தான். குழுவில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

போயாப் பௌர்ணமியை ஒட்டி, மேட்டில் உள்ள பௌத்த விகாரையில் விடியற்காலை முதல் ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். கஜேந்திரன் தமிழில் எழுதினான்: “பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். நித்திரை இல்லாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். விகாரை ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ எண்டு ஆராவது கேட்டுச் சொன்னால் பெரிய உதவியா இருக்கும். மோகன் ஐயா, இதைச் சிங்களத்தில போட்டுவிடுங்கோ.”

சத்தம் என்பதற்குச் சிங்களத்தில் இரண்டு சொல் உண்டு. ‘சப்தய’ என்றால் வெறும் ஒலி. ‘கோஷாவ’ என்றால் கூச்சல், சந்தை இரைச்சல். பிக்குகள் பிரித் ஓதுவதைக் கோஷாவ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கோஷாவ என்று எழுதினேன். விகாரையின் கோஷாவைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று கஜேந்திரன் கேட்கிறார், இப்படி ஒரு வரி.

மனைவி கஜலட்சுமி என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“ஏங்க, அந்தத் தம்பி சத்தம்னுதானே எழுதியிருக்கு?”

“அதைத்தான் போட்டிருக்கேன்.”

“இது வேற மாதிரியில்ல இருக்கு?”

“உனக்குப் பேச்சுச் சிங்களந்தானே தெரியும்,” என்றேன்.

அன்று பகலுக்குள் விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் கஜேந்திரனைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் என் பெயரைச் சொல்லி, நம் மோகன் மாத்தயா போன்ற கண்டித் தமிழர்கள் இப்படியில்லை, வடக்கிலிருந்து வருபவர்களால்தான் தொல்லை என்று எழுதினார். பலர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். அதை நான் பலமுறை வாசித்தேன். பல நாளைக்குப் பிறகு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

என் ஒற்றை வரியைக் கஜேந்திரனின் படத்தோடு சேர்த்து யாரோ ஒரு பெரிய பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மறுநாள் மோட்டார் சைக்கிள்களில் இளைஞர்கள் வந்து அனெக்ஸ் வாசலில் நின்றார்கள். பொலிஸ் வந்து, பாதுகாப்புக்காக என்று சொல்லிக் கஜேந்திரனை ஏற்றிப்போனது. பிரச்சினை வளரக்கூடாது என்பதற்காக, அட்மின் என்ற முறையில், அவனுடைய தமிழ்ச் செய்தியை எல்லாருடைய போனிலிருந்தும் நீக்கினேன். என் வரியையும் நீக்கினேன். ஆனால் அதுதான் ஊரெல்லாம் போய்விட்டதே.

நிலையத்தில் அந்த வேளையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். என்னைக் கண்டதும் கஜேந்திரனின் முகம் மாறியது.

“ஐயா வந்திட்டீங்கள், இனிப் பயமில்லை,” என்றான்.

எழுதியது இவர்தானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

“ஓம் ஐயா, எழுதினது நான்தான். ஆனா பிள்ளைக்காகத்தான் கேட்டனான். ஆரையும் நோகடிக்க வேணுமெண்டு நினைக்கேல்லை. அந்தச் சிங்களச் சொல் என்னெண்டே எனக்குத் தெரியாது. நீங்கள்தானே போட்டனீங்கள், ஒருக்கா விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ.”

நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: “எழுதியது தானே என்கிறார். யாராவது மனம் நோவார்கள் என்று நினைக்கவில்லை என்கிறார்.”

இரண்டும் அவன் சொன்னவைதான். நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் அதைச் சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள். “எல்லாம் சரியோ ஐயா?” என்று கேட்டான். சரி என்றேன். கையெழுத்து வைத்தான். மதங்களுக்கிடையே பகை மூட்டியதாக வழக்குப் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் பிணை லேசில் கிடைக்காது. வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறைக்கு அனுப்பினார்கள்.

நிரோஷினி பிள்ளையோடு அனெக்ஸில் தனியாக இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அண்ணன் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். அவனைக் கொண்டுபோன மறுநாள் மத்தியானம் என் போன் அடித்தது. அவள் பெயர். ஜன்னலால் பார்த்தேன். ஒழுங்கையில் மூன்று நான்கு பேர் கூடி நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யார் போகிறார்கள், யார் போகவில்லை என்று பார்க்கிறவர்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது.

“எடுங்களேன்,” என்றாள் கஜலட்சுமி.

“கொஞ்சம் போகட்டும்.”

“பிள்ளைக்கு என்னமோ தெரியல. நான் போறேன்.”

“நீ போனா நானும் போன மாதிரி,” என்றேன். அவள் வாசலில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். போகவில்லை. அதற்காக அவளையும் யாரும் குறை சொல்லக்கூடாது.

ஒழுங்கையின் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் குழுவில் இருந்தவர்கள். கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. நிரோஷினி பிள்ளையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நளீர் எந்தக் குழுவிலும் இல்லாதவர். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தன் வேனில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளைக்கு வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னாராம். அடுத்த நாள் பிள்ளை இறந்துவிட்டது.

அடக்கத்துக்கான வேலைகளை நானே பார்த்தேன். சவப்பெட்டிக்கு மலர்ச்சாலை, மயான அனுமதி, எல்லாம் சிங்களத்தில் பேசவேண்டிய காரியங்கள். சாவு வீட்டுக்கு வந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. ஒழுங்கையில் பலரும் வந்தார்கள். சிலர் அழுதார்கள். கஜேந்திரனை இரண்டு சிறைக் காவலர்கள் விலங்கோடு கொண்டுவந்தார்கள். அவன் அந்தக் கைகளாலேயே என் கையைப் பிடித்தான்.

“ஐயா, நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?” என்றான்.

நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

சற்று நேரத்தில் விகாரையின் பிக்கு வந்தார். வயதானவர், குடையை ஒரு மாணவர் பிடித்திருந்தார். கூட்டம் விலகியது. அவர் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். பிறகு நிரோஷினியின் முன்னால் வந்து, என்னைப் பக்கத்தில் அழைத்து, “நான் சொல்வதை இந்தத் தாய்க்குச் சொல்லுங்கள்” என்றார்.

அவர் சொன்னது இதுதான். “பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, மகளே. ஒருவராவது சொல்லியிருந்தால் என் கையாலேயே ஒலிபெருக்கியை நிறுத்தியிருப்பேன். ஏன் சொல்லவில்லை?”

நான் முன்பு ஒரு சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் சொன்னேன். கஜேந்திரன் எழுதியதில் பிள்ளையைப் பற்றிய பகுதியை நான் சிங்களத்தில் போடவே இல்லை. காய்ச்சல் என்று போட்டிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. இரக்கம்தான் வந்திருக்கும். கோபம் வராவிட்டால் அவர்கள் திரும்பவும் விளக்குக்கே வந்திருப்பார்கள். இது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நிரோஷினி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று சொல்கிறார்,” என்றேன்.

அவள் பிக்குவைக் கும்பிட்டாள். பிக்கு பதிலுக்காக என்னைப் பார்த்தார். அவளால் பேச முடியவில்லை என்று சொன்னேன். கஜலட்சுமி எங்களுக்குப் பின்னால்தான் நின்றாள். பேச்சுச் சிங்களம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து நான் இருக்கும் மேசையில் அவள் சாப்பிட உட்காருவதில்லை. நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாளா? நான் செய்ததில் ஓர் இரக்கமும் இருந்தது.

ஒழுங்கை இப்போது அமைதியாக இருக்கிறது. குழுவில் மறுபடி தண்ணீர் வெட்டும் குப்பை லொறியும்தான். கடையில் எனக்கு இடம் கொடுக்கிறார்கள். கஜேந்திரன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவனுடைய வழக்கறிஞர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். கீழ்ப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டாராம், நாங்க ஒன்னும் பாக்கலீங்க என்று சொல்லிவிட்டார்கள். கஜேந்திரன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவன் தமிழில் என்ன எழுதினான் என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று வழக்கறிஞர் வீட்டுக்கு வந்து கேட்டார். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் பார்க்கவேண்டும்.