பின்னாலிருந்து கூப்பிடவில்லை

"உனக்கு வாய் எண்டு ஒண்டு இருக்கோ, பிள்ளை?" என்று கிளிபோட் அத்தான் ஒருமுறை என்னிடம் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். அவர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு ஏதோ தீங்கு செய்திருப்பார் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. பத்தாம் வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னார்கள். அடுத்த கிழமையிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா இறந்த பிறகு மக்டலீன் அக்காதான் எனக்காகக் கதைப்பாள். டொக்டரிடம், பஸ் சாரதியிடம், பூசை முடிந்து சுகம் கேட்கும் அன்ரிமாரிடம். கனடாவில், ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது. அக்கா கலியாணம் கட்டி அத்தான் வந்த பிறகும் போதுமாகத்தான் இருந்தது, அவர் என்னைத் திருத்த நினைக்கும்வரை.

டிசம்பர் விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவருடைய தமையன் லெஸ்லியிடம் போனோம். அவர் தன் காரையும், அதற்குப் பின்னால் கொழுவி இழுக்கும் கரவனையும் தந்தார். கரவனுக்குள் கட்டில், அடுப்பு எல்லாம் இருந்தன.

"கார் ஓடேக்கை உதுக்குள்ளை ஒருத்தரும் இருக்கக் கூடாது. விளங்கிச்சோ?" என்றார் லெஸ்லி.

"ஓம், ஓம்," என்றார் அத்தான். இரண்டாம் நாளே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அந்த நேரங்களில் அக்கா ஓட்டினாள்.

பாலைவனம் எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பு மண்ணும் சரளைக்கல் கொட்டிய ஒரு கிறவல் பாதையும்தான். கதைக்க ஆளே இல்லை. ஆனால் ஒரு பெற்றோல் நிலையத்தில் அத்தான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "தேத்தண்ணி வேணுமெண்டால் அவளே கேக்கட்டும்." அக்கா சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேநீர் குடிக்கவில்லை.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "திரும்பிப் போனதும் இவளைப் படிக்க விடுறம். இனி நீ இவளுக்காக ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, மக்டலீன். சத்தியம் பண்ணு."

அக்கா பண்ணினாள்.

அடுத்த நாள் மதியம், காய்ந்துபோன ஓர் ஆற்றடியில் நிறுத்திச் சாப்பிட்டோம். அத்தான் வழமைபோலக் கரவனுக்குள் போனார், அக்கா ஓட்ட ஏறினாள். செபமாலையை எடுத்தாள். வாகனம் வெளிக்கிட்டால், செபமாலை முடியும்வரை அவள் வேறு கதை கதைக்கமாட்டாள், நிறுத்தவும் மாட்டாள். அது அம்மா மன்னாரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். நான் பக்கக் கண்ணாடியில் அத்தானைக் கண்டேன். தொப்பி இல்லாமல், பாத்றூம் செருப்போடு, கரவனிலிருந்து இறங்கி ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் எங்களை வளர்த்தாள். நான் கூப்பிடவில்லை.

"அவர் ஏறிப் படுத்திட்டாரோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, நான் மற்றப் பாதியைச் சொன்னேன். நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒருமுறை கண்ணாடியில், செம்மண் தூசிக்குள் எதுவோ கையசைப்பது போலிருந்தது. தூசி எதைப் போலவும் தெரியும்.

பிறகு ஒரு மரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். "சத்தம் போடாதை, மனுசன் நித்திரை," என்றாள் அக்கா. பின்னேரம் அடுத்த பெற்றோல் நிலையத்தில்தான் கரவன் கதவைத் திறந்தாள். கட்டில் வெறுமையாக இருந்தது. அவருடைய போன் முன் சீற்றில் சார்ஜில் கிடந்தது.

அவர் அந்த மரத்தடியில் இறங்கியிருப்பார் என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். தேடியவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். ஒரு பொலிஸ்காரி குனிந்து என்னிடமும் கேட்டாள். "அவளுக்குக் கூச்சம், கதைக்கமாட்டாள்," என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். சத்தியத்தை மறந்து, எனக்காக.

ஆற்றடிப் பக்கம் அவர்கள் போனபோது பிந்திவிட்டது. அவர் பாதையோரமாக, நாங்கள் போன திசையிலேயே, நெடுந்தூரம் நடந்திருந்தார்.

போன ஞாயிறு அவருடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. வீட்டுக்கு வந்த அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"நான் இறங்கி ஒருக்கால் பாத்திருக்கவேணும். நான்தான் அவரைச் சாக விட்டனான்."

ஒரு வருடமாக இதையே சொல்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்றுதான் நானாகவே கதைக்கத் தொடங்கினேன். "உன்ரை பிழை இல்லை அக்கா. அவர் ஆத்தடியிலை இறங்கிப் போனதை நான் கண்டனான்." செருப்பு, மண்மேடு, தூசி, எல்லாவற்றையும் சொன்னேன். ஓர் இடத்திலும் திக்கவில்லை. அத்தான் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்கா எழும்பிப் பனிச் சப்பாத்தை மாட்டினாள். "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. திறந்த கதவால், லிஃப்டுக்காகக் காத்து நிற்கும் அவளுடைய முதுகு தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. யாராவது விசாரிக்க வந்தால் எனக்காக அவள் கதைப்பாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

லிஃப்ட் வந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.