ஷூ போட்டிருந்த பிணம்

— சொல்லுங்க, கொலைகாரன் யாரு? சீக்கிரம்! பன்னிரண்டு மணிக்கு டைரக்டரோட ஆள் வந்து திரைக்கதையை வாங்கிட்டுப் போயிடுவார்.

— பிரேக் போடு, எழுத்தாளரே. டாக்டரா, தம்பியா, டிரைவரான்னு யோசிக்கிறேன்.

— யோசிக்கிறீங்களா! பத்தொன்பது நாவல்லயும் படிச்ச கையோட கண்டுபிடிச்ச மனுஷன்! ஒரு தடவையாவது உங்களை ஏமாத்திடணும்னுதானே விழுந்து விழுந்து எழுதினேன். முதல் சினிமாவுலயே ஜெயிச்சிட்டேனா?

— கடைசி நாலு பக்கம் எங்கே?

— என் கைப்பையில. ஏன்?

— அது வந்து... கோவிச்சுக்காதே. பத்தொன்பதுலயும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிச்சேன்.

— அடப்பாவி மனுஷா! ‘இவர் ஒருத்தரையே ஏமாத்த முடியலையே’ன்னு நான் எத்தனை கதையைக் கிழிச்சுப் போட்டிருக்கேன் தெரியுமா?

— கிழிச்சுக் கிழிச்சுத்தானே இவ்வளவு தூரம் வந்தே?

— பேச்சை மாத்தாதீங்க! இப்ப நிஜமா படிச்சீங்கல்ல? சொல்லுங்க, யாரு?

— டிரைவர்.

— தப்பு! டாக்டர்! ஐயோ, ஜெயிச்சிட்டேங்க!

— டாக்டரா? சான்ஸே இல்லை. முதலாளி செத்துக் கிடக்கும்போது கால்ல ஷூ இருக்குல்ல?

— வெளியூர் கிளம்பிட்டிருந்தார், அதான்.

— இருபது வருஷமா வாடகைக் கார் ஓட்டுறேன். வாசல்ல ஹார்ன் அடிக்கிற வரைக்கும் எவனும் ஷூ மாட்ட மாட்டான். அவர் செத்தது எட்டு மணிக்கு. டிரைவர் ஒன்பதுக்குத்தான் வண்டியோட வந்தேங்கிறான். அப்ப எட்டு மணிக்கு ஹார்ன் அடிச்சது யாரு?

— நான் சும்மா ஒரு அழகுக்கு ஷூ போட்டேங்க...

— நீ போட்டே. அவன் மாட்டிக்கிட்டான்.

— இருங்க, இருங்க! டிரைவருக்கும் பங்கு எழுதியிருந்த உயிலை மாத்தப்போறதா முதலாளி பேசினதே காருக்குள்ளதான். முன்சீட்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டிருக்கான்! பின்கதவுச் சாவியும் அவன்கிட்டதான் இருக்கு! எனக்குப் புல்லரிக்குதுங்க!

— வாசல்ல வண்டி வந்து நிக்குது. டைரக்டரோட ஆள்தான். இன்னிக்குக் குடுக்கலேன்னா வேற ஆளை வச்சு எழுதிக்குவேன்னு டைரக்டர் சொல்லியிருக்காரே?

— ஃபோனைக் குடுங்க! ஹலோ, டைரக்டர் சாரா? வந்தவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கோங்க. ஒரு வாரம் வேணும் சார். நான் தப்பான ஆளைப் பிடிச்சு வச்சிருக்கேன்.