மஞ்சள் கோட்டுக்கு இரண்டடி பின்னால்

நான் மெதுவாகப் பேசுகிறவன். எழுதிக்கொள்கிறவருக்கு வசதியாக இருக்கும். காகிதத்தில் ஓரம் விட்டு எழுதச் சொல்லுங்கள் ஐயா, பிறகு திருத்தம் வந்தால் இடம் வேண்டும்.

உங்கள் விபத்து அறிக்கையைப் படித்தேன். 'ஓட்டுநரின் அதிவேகமே காரணம்' என்று முடித்திருக்கிறீர்கள். அது தவறு. ஓட்டுநர் என் தம்பிதான், ஆனால் அவனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாளில் தவறான காரணம் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

இயந்திரங்களை வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். ஒரு பிக்கப், ஒரு டிரெய்லர், கொட்டகை வாசலில் ஓர் எடை மேடை. அப்பா படுக்கையில் விழுந்தபோது வண்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது எடைச் சீட்டுப் புத்தகம். ஓட்டுவது அவன் வேலை, ஏற்றுவதும் எடை போடுவதும் என் வேலை. கொட்டகையில் எனக்குத் 'தராசு' என்று பெயர். நான் வருவதைப் பார்த்தால், "தராசு வருதுடா, மூச்ச வெளிய விட்டுட்டு வண்டியில ஏறுங்க, அதையும் சேத்து எழுதிடும்" என்பார்கள். தம்பிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான்.

மொத்த எடை எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான் ஐயா. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி. டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே பிக்கப்போடு இணைக்கும் முன்கொக்கியை அழுத்த வேண்டும். அது குறைந்தால், வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்டும். ஆட்டம் முற்றினால் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு போகும். இதற்காகவே டிரெய்லர் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டு வைத்தேன். ஜெனரேட்டரின் முன்கால் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

தம்பி இதை எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. "வண்டியோட பின்பக்கம் தொங்குதா, தொங்கலையா? அவ்ளோதாண்ணா கணக்கு" என்பான். தொங்கினால் மெதுவாகப் போவான், தொங்காவிட்டால் விரட்டுவான். எத்தனையோ முறை நான் மறுத்த பாரத்தை அவனே ஏற்றிக்கொண்டு போனான். பின்பக்கம் தரையை உரச, உருட்டி உருட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வருவான். வாடிக்கையாளர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பதினோரு வருடம் நான் சொன்னது எல்லாம் சரி. பதினோரு வருடமும் அது ஒருமுறைகூட நிரூபணமாகவில்லை. இது எப்படி வலிக்கும் என்று உங்களுக்குப் புரியுமா, தெரியவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு ஏற்றினோம். ஜெனரேட்டர் ஆயிரத்து நூறு கிலோ. கருவிப் பெட்டிகளும் டிரெய்லரும் சேர்த்து மொத்தம் இரண்டாயிரம். இழுக்க அனுமதித்த அளவுக்கு இருநூறு கிலோ கீழே. ஜெனரேட்டரை நானே மஞ்சள் கோட்டுக்கு இரண்டடி பின்னால் நிறுத்தி, சங்கிலியால் இறுக்கிக் கட்டினேன். கட்டு பிரமாதமான கட்டு. நீங்களே பார்த்திருப்பீர்கள், டிரெய்லர் கவிழ்ந்த பிறகும் அது அவிழவில்லை. கொக்கியில் இருநூற்றைம்பது கிலோ அழுத்தியிருக்க வேண்டிய இடத்தில் முப்பதுதான் இருந்தது.

பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம்கூடத் தாழவில்லை. தம்பி குனிந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினான்.

"அண்ணா, இன்னைக்குத்தான் உருப்படியா ஏத்திருக்க. வண்டி பூ மாதிரி நிக்குது. ஒரே அமுக்கு, பன்னெண்டு மணிக்குப் போய்ச் சேந்துடுவேன்."

போகும் வழியில் நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது தெரியும். அங்கே டிரெய்லர் இரண்டு முறை ஆடும், அவன் பயந்துபோய் ஓரம் கட்டுவான், எனக்குப் போன் செய்வான் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. மனிதன் ஒருமுறை பயந்தால்தான் கற்றுக்கொள்கிறான். போன் சார்ஜில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

புறப்படும் நேரத்தில் தம்பி மனைவி மகளைக் கைபிடித்து அழைத்து வந்தாள். பாரம் ஏற்றிய வண்டியில் பிள்ளையை ஏற்றவே விடாதவள் அவள். அன்று பள்ளி விடுமுறை, பிள்ளை ஒரே அடம்.

"மாமா, இது நீங்க ஏத்துன வண்டிதானே?"

"ஆமா."

"அப்ப பயமில்ல. அவர் ஏத்துனா நான் விடவே மாட்டேன்."

குடும்பத்தில் ஒருவர் என் வேலையை மதித்துச் சொன்ன வார்த்தை அது. அதைக் கேட்ட பிறகு, இறக்கிவிடு என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அன்றைய பாடம் வீணாகிவிடும். அதனால், "பெல்ட் போட்டுவிடும்மா" என்று மட்டும் சொன்னேன். பாதுகாப்பில் நான் அலட்சியம் காட்டுவதில்லை.

வண்டி எடை மேடையில் ஏறியது. பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"பெரியப்பா, நான் எவ்ளோ வெயிட்டு?"

பார்த்துச் சொன்னேன். "அவ்ளோவா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இறக்கத்தில் நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. எண்பதில் போயிருக்கிறான். ஆட்டம் தொடங்கியதும் பிரேக்கை மிதித்திருக்கிறான். மிதிக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்க வேண்டும். இதையும் நான் சொல்லியிருக்கிறேன். தடுப்புச் சுவரில் பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கம்தான் மோதியது.

மருத்துவமனையில் தம்பிக்கு நினைவு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ எத்தன தடவ சொன்ன... நான் கேக்கலையேண்ணா. எம் பிள்ளைய நானே கொன்னுட்டேனேண்ணா" என்று அழுதான். நானும் அழுதேன். ஆனால் 'நான் கேட்கவில்லையே' என்று அவன் சொன்னபோது என் மனம் நிறைந்தது. மறைக்க விரும்பவில்லை. பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை அது.

அவனால் இனி எழுந்து நடக்க முடியாது என்கிறார்கள். தம்பி மனைவி அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, எனக்குத்தான் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். கொட்டகையில் இப்போது யாரும் தராசு என்று கூப்பிடுவதில்லை. பாரம் எங்கே வைக்கலாம் என்று ஒவ்வொருவராக வந்து கேட்கிறார்கள். நான் மஞ்சள் கோட்டைக் காட்டுகிறேன். வீட்டில் யாரும் யாருடனும் பேசுவதில்லை, சிரிப்புச் சத்தமே இல்லை. இனி வராது என்றும் தெரிகிறது.

ஆகவே திருத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். காரணம் வேகம் அல்ல. பாரத்தைப் பின்னால் வைத்தது. வைத்தவன் நான். தெரிந்தேதான் வைத்தேன்.

இன்னொன்று. ஓட்டுநர் அளவுக்கு மேல் ஏற்றியிருக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு சந்தேகம் எழுதியிருக்கிறீர்கள். அதையும் அடித்துவிடுங்கள். எடைச் சீட்டு உங்களிடமே இருக்கிறது. அதன் கீழே பதினேழு கிலோ என்று தனியாக எழுதியிருப்பது என் கையெழுத்துதான். ஆள் ஏறினால் அதையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. பிள்ளையைச் சேர்த்தும் எடை அளவுக்குள்தான் இருந்தது.